சில்வண்டு கத்திய நிரை

பஞ்சாலையக்காவுக்குப் பயமே கிடையாது என்றுதான் எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். ரெம்பாவ் பக்கம் இருக்கும், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் அது. மலைப்பாம்பைக் கண்டால் ஆண்பிள்ளைகள் மோட்டாரை உதைத்துக்கொண்டு பறந்துவிடுவார்கள். அக்கா மட்டும் நின்று, "போய்த் தொலை, எனக்கு வேலை கெடக்கு" என்று பாம்பிடமே சத்தம் போடுவார். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, ஊரையே அதட்டும் மண்டோர் முருகையாகூட அவரிடம் அடக்கித்தான் வாசிப்பார்.

நானும் அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். இப்போது வீடு செண்டாயானில். ஆராய்ச்சிக்காரர்களுக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்டுத் திரிவது என் வேலை. வெயில் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதே, வெளியில் வேலை செய்கிறவர்களின் உடம்பு என்ன ஆகிறது, எந்த அளவு சூட்டில் வேலையை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் சட்டம் போடலாம் என்று பார்க்கிற ஆராய்ச்சி. முகுந்தன் சார் தலைமை. முதலில் மருந்து அடிக்கும் பெண்களை எடுத்துக்கொண்டோம். முதுகில் மருந்து பம்பைச் சுமந்துகொண்டு, களைமேல் விஷத்தைத் தெளித்தபடி பொழுதெல்லாம் நடக்கிறவர்கள் அவர்கள்.

என் கேள்விகளில் ஒன்று இது: வேலை இடத்தில் உங்களுக்குப் பயம் ஏற்படுகிறதா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.

அக்கா சிரித்தார். "ஏண்டி ஷாமினி, ஒங்க சாருக்கு வேற வேலையே இல்லையா? பயந்தா மருந்தடிக்க முடியுமா? இல்லைன்னு போட்டுக்கலா."

கைப்பேசியில் "ஒருபோதும் இல்லை" என்பதைத் தட்டினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதவி, "அண்ணிக்கு என்னைப் பார்த்தாத்தான் பயம். அதுக்கு ஒங்ககிட்ட கட்டம் இல்லை" என்றார். மாதவி, பஞ்சாலையக்காவின் நாத்தனார். அக்காவின் கணவர் தவறிப்போனபிறகு இருவருக்கும் வேறு நாதி இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, வேலையிலும் ஒரே ஜோடி. சண்டை மட்டும் ஆளுக்கொன்று.

செம்பனைக் காட்டுக்குள் கொஞ்சம் தள்ளிப் போனாலும் ஆள் தெரியாது. அதனால் மருந்தடிக்கிற பெண்களுக்கு ஒரு பழக்கம். நிரை என்கிற மர வரிசை முடிகிற இடத்தில் நின்று "ஊய்!" என்று கூப்பிடுவார்கள். அடுத்த நிரையில் இருக்கிறவள் "ஊய்!" என்று பதில் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் இவள் அடுத்த நிரைக்குப் போவாள். அதைப் பாதுகாப்பு என்று அவர்கள் யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு பொருள் கொடுத்தோம். ஒன்று, மருந்துப் புகையைத் தடுக்கும் கனமான முகமூடி. அது நல்ல பொருள், அதில் சந்தேகமே வேண்டாம். அக்காவைப் பல வருஷமாக வாட்டிய வறட்டு இருமல் கொஞ்ச நாளிலேயே அடங்கிவிட்டது. இன்னொன்று கைப்பட்டை. உடம்பில் சூடு ஏறினால் அது கத்தும். உடனே நிழலுக்குப் போய்விட வேண்டும். உடம்பு ஆறினால் தானாகவே நின்றுவிடும். இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

முகமூடிக்குள்ளிருந்து எங்கே கூப்பிடுவது? மருந்துக் கையால் அதை இறக்கவும் கூடாது. கூப்பிடுகிற வழக்கம் நின்றுபோனது. "இனிமே இது கத்தும், நாம கத்த வேணாம்" என்று அக்காவே சொல்லிச் சிரித்தாராம்.

வெயில் கொளுத்திய ஒரு நாள். காலையில் கருவாட்டுக் குழம்பில் உப்பு அதிகம் என்று மாதவி முகம் சுளிக்க, "சாப்பிட முடியாதவ பட்டினி கெட" என்று அக்கா சொல்ல, மாதவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். காட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உச்சி வெயிலில் சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. சரிவுக்குக் கீழே, பாரிட் என்று நாங்கள் சொல்லும் வடிகால் பக்கமாக ஒரு சில்வண்டு விடாமல் கத்துவது அக்காவுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே ஒரு நிரையை முடித்தார். மாதவி கண்ணில் படவில்லை. கோபக்காரி, வேண்டுமென்றே தள்ளிப் போகிறாள் என்று நினைத்து அடுத்த நிரையில் இறங்கினார்.

சில்வண்டுகள் சில நேரம் சொல்லி வைத்ததுபோல் மொத்தமாக அடங்கும். அப்படி அடங்கின. பாரிட் பக்கம் இருந்தது மட்டும் அடங்கவில்லை. கீ, கீ, கீ என்று ஒரே சீராக, ஒரே இடைவெளியில் கத்திக்கொண்டே இருந்தது.

"அது வண்டு இல்லைன்னு தெரிஞ்ச ஒடனே கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சுடி" என்று பிறகு என்னிடம் சொன்னார். "அவ்வளவு வெயில்ல எனக்குக் குளிருச்சு."

பம்பைக் கழற்றி எறிந்தார். முகமூடியைப் பிடுங்கினார். "மாதவி!" என்று கத்திக்கொண்டு சரிவில் ஓடினார். எல்லா மரமும் ஒரே மாதிரி. சத்தம் முன்னால் கேட்டது, திரும்பினால் பின்னால் கேட்டது. வெட்டிப்போட்ட மட்டைமேல் விழுந்தார், முள் கிழித்தது, எழுந்தார். ரத்தம் வருவதுகூடத் தெரியவில்லை.

அப்போது அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

உடம்பு ஆறினால் தானாகவே நின்றுவிடும் என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்ததாம். பாம்பைப் பார்த்து நகராத அக்கா, அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போய்ப் பார்க்கவே பயந்தார். பார்க்காத வரைக்கும் அவள் உயிரோடு இருப்பாள் என்று தோன்றியதாம்.

பிறகு எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மாதவி பாரிட்டின் ஓரத்தில் குப்புறக் கிடந்தார். கைப்பட்டை கட்டிய கை சேற்றுத் தண்ணீருக்குள் சரிந்திருந்தது. சத்தம் நின்றது அதனால்தான். தொட்டால் உடம்பு கொதித்தது. அந்தக் கொதிப்பைத் தொட்டபிறகுதான் அக்காவுக்கு அழுகையே வந்தது. தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டே அவர் போட்ட கூச்சலில், பழம் ஏற்ற வந்த லாரியோடு முருகையா ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அக்கா மாதவியின் காதருகே குனிந்து "ஊய்... ஊய்..." என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். லாரி ஓட்டியவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

மாதவி பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறி வேலைக்கும் திரும்பினார். முகுந்தன் சார் நிலைகுலைந்து போனார். தோட்டத்தோடு பேசி, உச்சி வெயிலில் மருந்தடிப்பதை நிறுத்த வைத்தார். நிரை முடிவில் கை கழுவத் தண்ணீர் வைத்து, முகமூடியை இறக்கிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பதையும் ஆராய்ச்சியில் சேர்த்தார்.

இரண்டாம் முறை கேள்வி கேட்கப் போனபோது, அக்காவை நிரை முடிவில் பிடித்தேன். பயக் கேள்வியைக் கேட்டேன். "இருடி" என்று கையைக் காட்டினார். பம்பை இறக்கிவைத்து, கை கழுவி, முகமூடியை இறக்கினார்.

"ஊய்!"

பதில் இல்லை. மாதவியும் கை கழுவ வேண்டும், முகமூடியை இறக்க வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அக்கா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். வலிக்கிற அளவுக்குப் பற்றினார். எங்கும் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. எனக்கும் பயமாக இருந்தது.

"ஊய்! இன்னும் சாகலை அண்ணி, இருக்கேன்லா!"

அக்கா என் கையை விட்டார். முகமூடியை ஏற்றி, பம்பைத் தோளில் மாட்டினார்.

"பார்த்தேல்ல? போட்டுக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்குள் நடந்தார்.

எந்தப் பதில் என்று அவர் சொல்லவில்லை. நான் "எப்போதும்" என்பதைத் தட்டினேன்.