தானாக மூடிக்கொள்ளும் மெசெஞ்சர்

பக்கத்து சீட் டேவிட் மேல்தான் சந்தேகம் என்று இன்று மேனேஜரிடம் நான் சொல்லவில்லை.

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி ஆபீஸ். எங்களிடம் தோல் வாங்கும் இத்தாலி பையரிடம் மெசெஞ்சரில் தோலின் கலருக்குச் சம்மதம் வாங்குவது என் வேலை. இந்த வாரம் முழுக்க, தெரியாத பெயரில் யாரோ நீளமாக ஒரு செய்தி அனுப்புகிறார்கள். வந்த உடனே மெசெஞ்சர் தானாக மூடிக்கொள்கிறது.

"நான் வந்தாலே மூடிட்றியேம்மா, யார்கூட சாட்டிங்?" என்றார் மேனேஜர்.

"நான் மூடல சார். நீங்களே உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். செய்தி வந்தது, மூடிக்கொண்டது. அவர் வாய் திறப்பதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டேவிட், "இன்னா சார், போய்ட்ச்சா?"

"நான் ஒண்ணும் தொடலடா!" என்றார் மேனேஜர்.

அங்கிருந்து திரை தெரியாதே, அவனுக்கு எப்படித் தெரிந்தது? உங்களுக்காவது புரிகிறதா?

மாலையில், என் மெசெஞ்சர் சரியில்லை என்று இத்தாலி பையரை டேவிட்டிடம் மாற்றிவிட்டார்கள். அவனுடைய மெசெஞ்சர் ஒருமுறைகூட மூடிக்கொள்ளவில்லை.