சுவருக்கும் செடிக்கும் நடுவே மூன்றடி

இந்த ஊரில் ஒரு வீட்டின் காலடியை யாரும் பார்த்துவிட முடியாது. சுவர் மண்ணில் இறங்கும் இடத்தைச் சுற்றிலும் செடி நட்டு மூடிவிடுகிறார்கள். வட கரோலினாவில் நான் இருக்கும் குடியிருப்பில் எல்லா வீடுகளும் இடுப்பளவு புதருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வாசல் ஏறினால் முழங்காலில் இலை உரசும், ஜன்னலைத் திறந்தால் கையில் கிளை இடிக்கும். 'பவுண்டேஷன் பெட்' என்று அதற்கொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அஸ்திவாரம் தெரிவது இங்கே உள்பாவாடை தெரிவதைப் போல, நல்ல குடும்பத்தில் அது நடக்காது. முக்கூடலில் பிறந்து வளர்ந்த எனக்கோ சுவரை ஒட்டி அடர்ந்த பச்சையைக் கண்டால் கை அரிவாளைத் தேடும்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த வீட்டை வாங்கிப் பால் காய்ச்சிய மறுநாளே, முன்சுவரை ஒட்டி நின்ற புதர்கள் அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டேன். மனைவி உள்ளே பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது மூன்று வயதான எங்கள் மகள் மீரா, வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அடுத்த வீட்டு கேரல் அம்மையார் பதறிக்கொண்டு வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதா?" என்று கேட்டார். "இல்லை, வீட்டைச் சுத்தம் செய்கிறேன்" என்றேன். பிடுங்கிப் போட்ட செடிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கழுவுகிறேன் என்று சொல்லிக்கொண்டே புருவத்தை மழித்துவிட்டவனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. ஆனால் அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தாமிரபரணிக் கரையில், வாய்க்காலும் வயலும் கொல்லைவரை வந்து நிற்கும் ஊர்களில், சுவரடி வெறுமையாகத்தான் கிடக்க வேண்டும். செடி வைப்பார்கள், மரம் வைப்பார்கள், ஆனால் சுவருக்கும் செடிக்கும் நடுவே விளக்குமாற்றோடு ஓர் ஆள் நடந்து போகிற அளவு இடம் விட்டுத்தான் வைப்பார்கள். நெல் கிடக்கிற வீட்டுக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் வருவதன் பெயரை விளக்கு வைத்த பிறகு நாங்கள் சொல்வதில்லை, பூச்சி என்போம். எங்கள் அம்மா மட்டும் சாமிக்குப் பூ வேண்டும் என்று அடுப்படி ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, இட்லிப்பூச் செடிகளை வரிசையாக வைத்திருந்தாள்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒருநாள் என் ரப்பர் பந்து உருண்டு அந்தச் செடிகளுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. கையை விடப் பயம், பயம் என்று சொல்ல வெட்கம். கை எட்டவில்லை என்று பொய் சொல்லி, என் கூடப்பிறந்த வடிவு அக்காவை எடுத்துத் தரச் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினொன்று. செடிக்கு அடியில் காலை விட்டுப் பந்தை என் பக்கம் தள்ளினாள். "என்னமோ முள்ளு குத்திட்டுடே" என்றாள். முள் இல்லை, கண்ணாடி விரியன். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் காரில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே கால் வீங்கி உரல் மாதிரி ஆகிவிட்டது என்று அம்மா பிறகு சொன்னாள். அக்கா பிழைத்துவிட்டாள். கெண்டைக்கால் சதை பாதி போயிற்று. இன்றைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா அரிவாளை எடுத்து ஒரு செடி விடாமல் வெட்டிப்போட்டாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் சுவரடியைப் பெருக்குவது என் வேலையாயிற்று. யாரும் சொல்லவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் இங்குள்ள வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு எப்படி விளக்குவது? செடிகளைப் பிடுங்கிய இரண்டாம் வாரம் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டின் முகப்பில் அஸ்திவாரம் தெரியக் கூடாது, அடுக்கடுக்காகச் செடி நட வேண்டும், நான் நடாவிட்டால் அவர்களே ஆள் வைத்து நட்டுவிடுவார்கள். மரியாதையான கடிதம்தான். கேரல் உதவிக்கு வந்தார். ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் படம் போட்டார். பின்வரிசையில் உயரமான ஹாலி, நடுவில் அசேலியா, முன்னால் தரையோடு படரும் ஜூனிபர். "வகுப்பில் போட்டோ எடுக்கும்போது பிள்ளைகளை நிறுத்துவோமே, அதே கணக்குதான்" என்றார். பாம்பு வருமே என்றேன். "பாவம், அவை எலியைத் தின்னும், நம்மை ஒன்றும் செய்யாது" என்றார். அக்காவின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைப் பற்றி நீங்கள் யாரிடமாவது பேச வேண்டும்" என்றார். "உங்களிடம்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அவர் மனநல மருத்துவரைச் சொன்னார் என்பது இரண்டு நாள் கழித்து மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

கடைசியில் நான் ஒரு தந்திரம் செய்தேன். கேரலின் மூன்று வரிசைகளையும் அப்படியே நட்டேன், ஆனால் எல்லாவற்றையும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்டேன். சாலையிலிருந்து பார்த்தால் செடிகள் சுவரில் சாய்ந்து நிற்பதுபோலத் தெரியும். உள்ளே, ஹாலிக்கும் சுவருக்கும் நடுவில், வீட்டின் அகலம் முழுக்க ஒரு சந்து. இங்கே எல்லோரும் செடியடியில் மரப்பட்டைத் தூளைக் கொட்டுவார்கள். நான் அந்தச் சந்தில் ஒரு பிடிகூடப் போடவில்லை. மண்ணை மிதித்து இறுக்கி, கூட்டிப் பெருக்கி, எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். சங்கம் பாராட்டிக் கடிதம் எழுதியது. வெளியே அமெரிக்கா, உள்ளே முக்கூடல் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

வேலை முடிந்து வந்ததும் பேண்ட்டைக் கழற்றிவிட்டுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு அந்தச் சந்துக்குள் நுழைவேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையைத் தட்டிக்கொண்டே நடப்பேன். ஒருநாள் தவறினாலும் தூக்கம் வராது. மீரா வளர வளரப் பயமும் வளர்ந்தது. அவளுக்குச் செடியடிதான் வீடு. அசேலியாவுக்குக் கீழே தவழ்ந்துபோய்ப் பொம்மைகளை உட்காரவைத்துச் சோறு ஊட்டுவாள். இந்தப் பக்கத்தில் காப்பர்ஹெட் என்று ஒரு பாம்பு உண்டு, காய்ந்த இலையின் நிறத்திலேயே இருக்கும். அவள் காலைப் பிடித்து வெளியே இழுக்கும்போதெல்லாம் நான் கத்துகிற கத்தல் தெருமுனைவரை கேட்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனைவி சிரிப்பாள். அவளுக்குச் சென்னை, பாம்பைச் சினிமாவில் பார்த்ததோடு சரி.

போன ஆனி மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் வடிவு அக்காதான் இருக்கிறாள். காரை விட்டு இறங்கியவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரடியில் மூன்று அடுக்காகச் செடிகள். பின்னால் செம்பருத்தி, நடுவில் இட்லிப்பூ, முன்னால் டேபிள் ரோஸ். சுவரோடு ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல்.

"ஏலே, நீ போட்டோ அனுப்புனல்லா, அதப் பாத்துத்தான் வச்சேன். எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

என் போட்டோவில் அந்த மூன்றடிச் சந்து தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே அப்படி நட்டேன். "அக்கா, அங்கன செடிக்குப் பின்னால இடம் விட்டிருக்கேன். இத இன்னைக்கே வெட்டிருவோம்" என்றேன். அரிவாள் எங்கே என்றும் கேட்டேன்.

அவள் காலை இழுத்து நடந்து வந்து செடிகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். "முப்பத்தஞ்சு வருசமா வெறுஞ்சுவரப் பாத்தாச்சு. போதும்டே."

"பாம்பு வந்தா?"

"வந்தா வரட்டும். கடிச்சது என்னைய. பயம் மட்டும் உனக்கா?"

அதற்குள் மீரா செம்பருத்திக்கு அடியில் புகுந்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் குழந்தை அழுதுவிட்டது. அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததில்லை. "பிள்ளைய எதுக்குடே இப்படி விரட்டுத? பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம். நீ குடுக்க பயத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவ? அதுக்கும் இத ஊட்டிராத" என்றாள். பந்து உள்ளே போன அன்று கை எட்டவில்லை என்று நான் சொன்னது பொய் என்பதை இத்தனை வருடத்தில் நான் அவளிடம் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. செடிகளை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறினேன். இப்போது இரண்டு ஊரிலும் சுவரடியைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் மாதக் கடைசியில் அது நடந்தது. ஆறரை மணிக்கே வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. நான் சந்துக்குள், மீராவின் ஜன்னலுக்குக் கீழே, குனிந்து தட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதுக் குடும்பம் குடிவந்திருந்தது. எங்களை அவர்களுக்குத் தெரியாது. இடுப்பில் ஏதோ துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் கம்போடு, ஒரு கறுத்த ஆள் புதருக்குப் பின்னால் ஒரு குழந்தையின் ஜன்னலடியில் பதுங்கிப் பதுங்கிப் போவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் போலீசைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கையில் இருப்பதைக் கீழே போடச் சொல்லி ஒரு குரல் கேட்டது. போட்டேன். கைகளை உயர்த்தி வெளியே வரச் சொன்னது. எப்படி வருவது? சந்தின் கோடிக்கு நடந்தால் தப்பி ஓடுவதுபோல இருக்கும். எனக்கு முன்னால் நானே நட்ட மூன்று வரிசை. ஹாலி இலை முழுக்க முள். கையால் விலக்காமல் வர முடியாது, கையை இறக்கினால் என்ன ஆகும் என்று தெரியாது. இளைஞன்தான் அந்த அதிகாரி. அவன் குரல் நடுங்கியது, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவனுடைய ஒரு கை இடுப்பில், துப்பாக்கியின் மேல் இருந்தது. இது என் வீடு என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், இருபது வருடமாகப் பேசுகிற மொழி, ஒரு வார்த்தை வரவில்லை.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. மீரா வெறுங்காலோடு ஓடிவந்தாள். அப்பா என்று கத்திக்கொண்டே நேராக அசேலியாவுக்குள் பாய்ந்தாள். "செடிக்குள்ள வராத" என்று நான் அலறினேன். அந்த இருட்டில் அவனுக்குத் தெரியாத மொழியில் அலறினேன். அவன் கை நகர்ந்ததைப் பார்த்தேன். மீராவும் பார்த்தாள். இரண்டு செடிகளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அவனைப் பார்த்து, பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் குரலில், "அவர் என் அப்பா, பாம்பு தேடுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதிகாரி மூச்சு விட்டான், சிரித்தான், மன்னிப்புக் கேட்டான். தன் மாமாவின் நாயைக் காப்பர்ஹெட் கடித்த கதையையும் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் எதிர்வீட்டார் வாழைப்பழக் கேக் கொண்டுவந்தார்கள். பயந்துவிட்டோம் என்றார்கள். நானும் பயந்த ஆள்தான் என்றேன், எதற்கு என்று சொல்லவில்லை. இதை அக்காவிடம் சொல்லவில்லை. முக்கூடலில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.

இரண்டு நாள் நான் சந்துக்குள் போகவில்லை. தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் கம்பை எடுத்தபோது, எனக்கு முன்னாலேயே மீரா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மழை இல்லாத நாளில் மஞ்சள் மழைக்கோட்டு. தூரத்தில் வருகிறவர்களுக்கும் தெரியவேண்டுமாம். புல்வெளியின் நடுவில் போய் நின்றாள். நாயோடு நடந்து போகிறவர், ஓடிப்போகிற பெண், கார் கண்ணாடியை இறக்குகிறவர் என்று ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள்: "ஹாய், செடிக்குப் பின்னால் இருப்பது என் அப்பா. இது எங்கள் வீடு."

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். அசேலியாவுக்கு அடியில் அவள் இப்போது போவதில்லை. பொம்மைகள் அலமாரியில் இருக்கின்றன. பாம்பைப் பற்றி அவளுக்கு இன்னமும் பயமில்லை. எனக்காகப் பயப்படுகிறாள், ஆறு வயதில். நான் சந்துக்குள் நின்று இலைகளுக்கு நடுவே அவளைப் பார்க்கிறேன். மஞ்சள் நிறம் துண்டு துண்டாகத் தெரிகிறது. தட்டி முடித்ததும் வெளியே வந்துவிட முடியாது, அவள் சொல்ல வேண்டும். தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துத் தமிழில் சொல்வாள்.

"யாரும் இல்லப்பா. இப்ப பைய வெளிய வாங்க."

நான் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளும் அவளுக்குத் தெரியும்படி வெளியே வருகிறேன்.