மொட்டைப் பாப்பா மாவு

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே நான் மளிகைக் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டேன். அரைக் கிலோவிலும் கிடைப்பேன், ஒரு கிலோவிலும் கிடைப்பேன்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அப்பாவும் மாமாவும் சேர்ந்து சத்து மாவு அரைத்தார்கள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பாக்கெட்டில் இருந்தது என் படம். எனக்குக் காது குத்திய அன்று மாமா மடியில் உட்காரவைத்து எடுத்தது. மாமாவை வெட்டிவிட்டு என்னை மட்டும் அச்சடித்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை, இடது கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, உலகத்தையே நம்பாத ஒரு பார்வை. மாவுக்கு முறையான பெயர் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லி யாரும் வாங்கியதில்லை. “மொட்டப் பாப்பா மாவு குடுங்க” என்றுதான் கேட்பார்கள்.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது மாமா சிதம்பரத்தில் தனியாக மில் போட்டார். அத்தையின் நகையெல்லாம் அதற்குள் போயிற்று. சிரித்துப் பேசித்தான் பிரிந்தார்கள். ஆனால் படத்தைப் பற்றிப் பேச இருவருமே மறந்துபோனார்கள். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் பத்திரம் எதற்கு என்று கூட்டுத் தொழிலுக்கு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. லேபிளையும் யார் பெயரிலும் பதிவு செய்யவில்லை. சிதம்பரம் கடைகளில் மாமாவின் மாவு என் முகத்தோடு அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சுருக்கென்றது. அங்கே ஒரு பாக்கெட்டில் புழு இருந்தால் இங்கே நம் பெயர் கெடும் என்றார். மாமாவுக்கோ அந்தப் படம் இல்லாவிட்டால் மில்லையே மூட வேண்டியதுதான். மொட்டைப் பாப்பா இல்லாத பாக்கெட்டைக் கடைக்காரர்கள் கையால்கூடத் தொடவில்லை. கடைசியில் அப்பா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அண்ணன் வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாதோ என்ற பயத்தில் அம்மா சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இருவருக்கும் தானியம் போடுகிற மண்டிக்காரர் நடுவில் புகுந்தார். கோர்ட்டுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேசட்டும் என்று சிதம்பரம் மேல வீதியில் ஒரு வக்கீலிடம் ஏற்பாடு செய்தார். வக்கீல் ஊருக்குப் புதியவர்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் கண் சொருகியது. சவுக்குத் தோப்புகள் பக்கத்தில் வந்து வந்து விலகிப் போயின. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஆறு முழுக்க வெயில் கிடந்தது. கடைகளில் இருக்கும் அத்தனை மொட்டைப் பாப்பாக்களும் அந்த வெளிச்சத்தில் மிதந்து கடல் பக்கம் போவதைப் பார்த்தேன். தூக்கத்தில் பார்த்தேனா, விழித்துக்கொண்டு பார்த்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா போட்டோ ஆல்பத்தை மடியில் வைத்திருந்தாள். அப்பா முன் சீட்டில், பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

வக்கீலின் மேஜையில் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. உள்ளே நீலப் பூ. அதன் வழியே பார்த்தால் மாமாவும் அத்தையும் தலைகீழாக, எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எனக்குத் தண்ணீருக்கு அடியில் கேட்பது மாதிரிதான் கேட்டது.

“என் பொண்ணு படம் சார் அது” என்றார் அப்பா.

“ஸ்டுடியோவுக்குத் தூக்கிட்டுப் போனது நானு. அவ உக்காந்திருக்கிறது என் மடி” என்றார் மாமா.

“மடிக்கெல்லாம் சட்டத்துல உரிமை கெடையாதுங்க” என்றார் வக்கீல். கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். உயிரோடு இருக்கிறவர் படத்தை லேபிளாகப் பதிய வேண்டுமானால் அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும், சின்னப் பிள்ளை என்றால் பெற்றவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமாவைப் பார்க்க வக்கீலுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “இதுக்கு ஏன் சார் அல்லாடுறீங்க? உங்க கொழந்தைக்கு ஒரு மொட்டயப் போட்டு, போட்டோ எடுத்துப் போட்டுடுங்க” என்றார்.

மாமா வீட்டில் இதுவரை தொட்டில் கட்டியதே இல்லை என்பது வக்கீலுக்குத் தெரியாது. அத்தை முந்தானை நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மாமா லேசாகச் சிரித்து, “பாக்கலாம் சார்” என்றார்.

அப்பா அம்மாவிடமிருந்து ஆல்பத்தை வாங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

“மச்சான், இந்தப் படத்தத் திருப்பி அச்சடிச்சா என்னா? எங்க பாக்கெட்ல இந்தப் பக்கம் பாக்கட்டும், உங்க பாக்கெட்ல அந்தப் பக்கம் பாக்கட்டும்.”

“இது நிக்காது சார்” என்றார் வக்கீல். “வாங்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நாளைக்கு நீங்களே கேஸ் போட வருவீங்க.”

“வர மாட்டேன். எழுதிக்குங்க.”

வக்கீல் மனசே இல்லாமல் எழுதினார். வெள்ளாற்றுக்கு வடக்கே அப்பா, தெற்கே மாமா. அம்மா சந்தோஷத்தில் அழுதாள். இவ்வளவு நாள் அழாமல் இருந்துவிட்டு எல்லாம் முடிந்த பிறகு ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மாமாவின் புதுப் பாக்கெட் வீட்டுக்கு வந்தது. அதில் இருந்த பாப்பா வேறு பக்கம் பார்த்தாள், பொட்டும் வலது கன்னத்தில் இருந்தது. அது நான் இல்லை என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி இருக்கிறாள், மாமா மடியில் இப்போது உட்காருவது அவள்தான் என்று முடிவு செய்தேன். ராத்திரி படுத்தால் அவள் நினைப்பாகவே இருக்கும். பொறாமையில் புரண்டு புரண்டு படுப்பேன்.

அரையாண்டு லீவில் என்னைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தை மில் வாசலில் மாவு விற்றுக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒரு பெண் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, “இது யாரு, உங்க புள்ளயா?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா, எங்க பொண்ணுதான்” என்றாள் அத்தை.

ரெட்டை ஜடையோடு பக்கத்திலேயே நின்ற என்னை அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. நான் உள்ளே ஓடினேன். மூட்டைகளுக்குப் பின்னால், சமையல்கட்டில், மாடியில் எல்லாம் தேடிவிட்டு மாவுத் தூசியோடு திரும்பி வந்தேன்.

“அத்த, அவ எங்க?”

அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். வெகுநேரம் என் தலையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஸ்கூலுக்குப் போயிருக்கா” என்றாள்.

எல்லாருக்கும் லீவு விட்டிருக்கும்போது அவளுக்கு மட்டும் எப்படி ஸ்கூல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் வந்துவிடுவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.