வலப்பக்கம்தான் என்று சொன்னேன்

காலையில் பெங்களூரிலிருந்து மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பேத்தி மல்லாந்து கிடக்கிறாள். கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்க்கிறாள். கால் நழுவ, இடுப்பு திரும்பி, உடம்பும் கவிழ்ந்துவிடுகிறது. அடியில் மாட்டிய கையை எடுக்கத் தெரியாமல், தலையை மட்டும் நிமிர்த்தி, யாரோ தள்ளிவிட்டதைப் போல முறைக்கிறாள். அந்த முறைப்பைப் பார்த்ததும் எனக்குக் கொழுக்கட்டை வேகும் வாசம் வந்தது.

எங்கள் பக்கம் குழந்தை முதன்முதல் கவிழ்ந்தால் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். என் மகளுக்கும் செய்தார்கள். என் வாக்குமூலத்தின் பேரில்.

நான் வருவாய்த்துறையில் இருந்தவன். புவனகிரியில் முதியோர் பென்ஷன் கேட்டு வந்த ஒருவரிடம் அடையாளச் சான்று கேட்டேன். "நேர்லதான சார் நிக்கிறேன்" என்றார். "நிக்கிறது நீங்கதான்னு யார் சொன்னா?" என்றேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன், அதுவும் மனைவியிடம்.

அப்போது எனக்குக் கடலூரில் வேலை. மனைவி பிரசவத்துக்குப் போய்ச் சிதம்பரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடிப்பேன். பையில் கிலுகிலுப்பையும் துறைத்தேர்வுப் புத்தகமும் இருக்கும். குழந்தைக்கு ஐந்தாம் மாதம். கழுத்து நின்றுவிட்டது. படுத்த இடத்திலேயே கடிகார முள்ளைப் போலச் சுற்றினாள். ஒருக்களிப்பாள், தோள் தடுக்கி மறுபடி மல்லாந்துவிடுவாள். இதோ இதோ என்று மனைவி நாலு நாளாகப் பக்கத்திலேயே காத்துக்கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, "ஏங்க, தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துடறேன். கண்ண எடுக்காதீங்க, இன்னிக்குக் கவுந்துருவா" என்றாள்.

"போ போ, இதுக்கெல்லாம் எனக்கு ட்ரெய்னிங் வேணுமா?"

புத்தகத்தைப் பிரித்தேன். ஒழுங்கு நடவடிக்கை விதிகள். கடமையில் கவனக்குறைவு என்ற பகுதியில் இருந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நிமிர்ந்தபோது குழந்தை பாயைவிட்டு விலகி, குப்புறக் கிடந்து சிவப்புத் தரையில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் ஈரத்தலையோடு மனைவி.

"ஐயோ, கவுந்துட்டாளா! பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது. "பாத்தேன்" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு பாயை. உள்ளே திரும்பி, "அம்மா, அரிசிய ஊறப் போடு" என்று குரல் கொடுத்தாள்.

அதற்கப்புறம் விருந்தாளி யார் வந்தாலும், "இவுருதான் பாத்தாரு, கேளுங்க" என்பாள். நானும் பொய்க்கு மெருகேற்றினேன்: மூடிய கைமுட்டி, ஒரு முனகல், இரண்டாவது முயற்சி. "எந்தப் பக்கம்னு சொன்னீங்க?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள். தான் பார்க்காததை என் வழியாகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று வருஷத்துக்கு முன், கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, நர்ஸிடம் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

இன்று வீடியோவைப் பார்த்து முடிப்பதற்குள் மகளே கூப்பிட்டாள். "பாத்தியாப்பா? இவ இடப்பக்கம். நான் எந்தப் பக்கம்?"

நாக்கு நுனிவரை பழைய பதில் வந்துவிட்டது. "நான் பாக்கலம்மா" என்றேன். "புஸ்தகம் படிச்சிட்டிருந்தேன். அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. 'ஒன்ன செவுத்தோரமா போட்டிருந்தேன்டி. ஒனக்கு வலப்பக்கம் செவுரு. செவுத்துக்குள்ள பூந்தா கவுந்த?'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டுக்கிட்டேதான இருந்தாங்க? நீயா சொல்லுவேன்னு பாத்தாங்க."

எத்தனை பேரை நேரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுது என்று விரட்டியிருக்கிறேன்! அந்த அறையில் சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

போன மாசம் சிதம்பரம் போனேன். அந்த வீட்டை இடித்துச் செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். சுவர் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு, தள்ளினால் இரண்டு பக்கமும் திறக்கிறது. எந்தப் பக்கம் என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்க இப்போது அவள் இல்லை.