பாயின் ரீலில் சிக்கிய பேரிங்

பேரிங் கழற்றுவதில் எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர் வேலை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கிற பேரிங்கை எல்லாம் புல்லர் என்கிற கொக்கிக்கால் கருவியை மாட்டி இழுத்து வெளியே எடுத்திருக்கிறேன். பேரிங் என்றால் என்ன என்று, பிள்ளைகளா, உங்களில் சின்னவள் கேட்பாள். ஒரு அச்சு உரசாமல் சுற்றுவதற்காக, இரண்டு இரும்பு வளையத்துக்கு நடுவில் குண்டுகளை உருள விட்டிருப்பார்கள். அவ்வளவுதான் பேரிங்.

மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பாய் இருந்தார். புளி வியாபாரி. நல்ல மனுஷன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் கையில் ஒரு துணிப்பையும் ஒரு வெளிநாட்டு லெட்டருமாக வந்து நின்றார்.

"தம்பி, நீங்க பேரிங் எல்லாம் கழட்டுவீங்கல்ல?"

"அதுதானே பாய் எனக்குச் சோறு போடுது."

பையிலிருந்து மீன் பிடிக்கிற ரீல் ஒன்றை எடுத்தார். தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கிற சக்கரம் அது. பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி இருந்தது. அதைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. முகர்ந்தால் புளி வாசனை.

"இதை எங்க பாய் வெச்சிருந்தீங்க?"

"மண்டியிலதான். புளி மூட்டை மேல. பத்திரமா இருக்கட்டும்னு."

உப்புப் போட்டு அடைத்த புளி மூட்டை. அதன் மேல் ஈர ரீலை இரண்டு வருஷம் வைத்தால் இரும்பு என்ன ஆகும்? உள்ளே இருந்த பேரிங் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

ரீல் அவருடைய தம்பி வாங்கிக் கொடுத்தது. தம்பி வளைகுடாவில் வேலை பார்த்தார். போன லீவில் வந்தபோது ஆசையாகக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். இப்போது சனிக்கிழமை வருகிறாராம். பாய் லெட்டரை எனக்குப் படித்துக் காட்டினார். 'அண்ணே, நீ வாரா வாரம் மீன் பிடிக்கிறதை ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவேன். ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் டேமுக்குப் போவோம். ரீலை ரெடியா வை.'

"வாரா வாரமா போனீங்க பாய்?"

"ஒரே ஒரு தடவை. அன்னிக்கே ரீலு சேத்துல விழுந்துடுச்சு."

"அப்புறம் லெட்டர்ல?"

"மொதல்ல ஒரு கெண்டை புடிச்சேன்னு எழுதினேன். ரொம்ப சந்தோஷப்பட்டான். அடுத்த தடவை ரெண்டுன்னு எழுதினேன்."

"கடைசியா?"

"நாலு கிலோ கெளுத்தி."

உள்ளே இருந்து உங்கம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. பாய் சிரிக்கவில்லை. "அவன் வெயில்ல நின்னு சம்பாதிச்சு வாங்கினது, தம்பி. மூட்டை மேல போட்டுத் துருப்பிடிக்க விட்டேன்னு தெரிஞ்சா, ரெண்டு வருஷமா பொய் எழுதினேன்னு தெரிஞ்சா, அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

எனக்குப் பாவமாகிவிட்டது. "நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து எடுத்துத் தரேன். பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பாய் எதிரில் குந்தினார். மற்ற எல்லாப் பாகமும் மண்ணெண்ணெயில் ஊறிச் சுத்தமாகிவிட்டது. பேரிங் மட்டும் வரவில்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ரீலின் அலுமினிய மூடியில் ஒரு குழி, அந்தக் குழிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் ஓட்டை இருந்தால் அங்கிருந்து தட்டித் தள்ளிவிடலாம். ஓட்டை இல்லை. கம்பெனி புல்லரைக் கொண்டுவந்திருந்தாலும் அதன் கால் ஒன்றுகூட உள்ளே நுழையாது.

கொதிக்கிற தண்ணீரில் மூடியைப் போட்டு எடுத்தேன். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், பேரிங் தானாக விழும் என்று கணக்கு. கட்டையில் தட்டினேன். விழவில்லை.

"உளி வெச்சு நெம்பலாமா?" என்றார் பாய்.

"நெம்பினா மூடி உடையும். அப்புறம் நாலு கிலோ கெளுத்தி உங்களைச் சும்மா விடாது."

அப்புறம் ஒரு தொழிற்சாலை வித்தை ஞாபகம் வந்தது. பேரிங்குக்குப் பின்னால் குழியில் கொஞ்சம் காலி இடம் இருக்கும். நடு ஓட்டை வழியாகக் கிரீஸை அடைத்து, ஓட்டைக்குச் சரியான கம்பியை வைத்துத் தட்டினால், உள்ளே போன கிரீஸுக்கு வேறு வழி இல்லை. பேரிங்கைப் பின்னாலிருந்து வெளியே தள்ளும். டிரில் பிட்டின் அடிப்பக்கம் அந்த ஓட்டைக்கு அளவாக இருந்தது. கிரீஸை அடைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

குண்டுகளுக்கு நடுவில் இருந்த சந்து வழியாகக் கிரீஸ் பீச்சிக்கொண்டு கிளம்பி நேராகப் பாயின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டியது. நெஞ்சிலிருந்து தாடி வரைக்கும்.

"தம்பி, பேரிங்கை எடுங்கன்னா எனக்குக் கிரீஸ் போடறீங்க" என்றார்.

கதவோரம் நின்ற உங்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏங்க, அது தண்ணியா இருக்கு, சந்துல வழியுது. கெட்டியா எதையாவது வைங்க. காலையில கிண்டின களி இருக்கு, ஆறிக் கல்லு மாதிரி கெடக்கு" என்றாள். உங்கம்மா சூளகிரிப் பக்கம். அவள் கிண்டுகிற கேழ்வரகுக் களி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"சோத்தை வெச்சா பேரிங் எடுக்கறது?" என்று நான் முறைத்தேன். பாய் தாடியைத் துடைத்தபடி, "கிரீஸு செஞ்சதைவிட மோசமா செஞ்சுடுமா? கொண்டாம்மா" என்றார்.

கிரீஸைத் துடைத்துவிட்டுக் களியைக் கிள்ளி உருட்டி ஓட்டையில் திணித்தேன். கம்பியை வைத்து மெதுவாகத் தட்டினேன். வழியவில்லை. இன்னும் கொஞ்சம் கிள்ளி, திணித்து, தட்டு. மூன்று தடவை ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது தடவை கம்பி உள்ளே போக மறுத்தது. இன்னொரு தட்டு. ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது.

"வருதும்மா, வருது!" என்று பாய் பிரசவம் பார்க்கிறவர் மாதிரி கத்தினார்.

இன்னும் இரண்டு கிள்ளு. பேரிங் சாக்கின் மேல் விழுந்தது, பின்னாலேயே ஒரு குட்டிக் களி உருண்டையும். பாய் பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றே விட்டார். துருவைத் துடைத்ததும் வளையத்தில் நம்பர் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் ஏறிப் பெங்களூர் போய் அதே நம்பரில் புதுசு வாங்கி வந்தார். அன்றைக்கே மாட்டிக் கொடுத்தேன். விரலால் தட்டினால் சர்ரென்று சுற்றியது.

"தம்பி, இந்த விஷயம் நம்ம மூணு பேரோட போகணும்" என்று சத்தியம் வாங்கினார். நாங்களும் செய்து கொடுத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வந்து சேர்ந்தார். எங்களையும் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தம்பி ரீலை வாங்கிக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து, "அண்ணே, வாங்கின அன்னிக்குக்கூட இப்படிச் சுத்தல. எப்படி வெச்சிருக்கே!" என்றார்.

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பாய் ஒரு நிமிஷம் பொறுத்தார். இரண்டு நிமிஷம் பொறுத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"எப்படிச் சுத்துதுன்னு தெரியுமாடா? களி! களியை வெச்சு இந்தத் தம்பி..." என்று ஆரம்பித்து, கிரீஸ் பறந்தது, தங்கச்சி களி கொண்டுவந்தது, கம்பி உள்ளே போக மறுத்தது என்று எழுந்து நின்று நடித்தே காட்டினார். பேரிங் கீழே விழுகிற இடம் வந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

தம்பி மெதுவாகக் கேட்டார். "அப்போ அந்த நாலு கிலோ கெளுத்தி?"

"சந்தையில பார்த்தேன்டா. வாங்கக்கூட இல்ல."

"ரூம்ல எட்டுப் பேரு அதை எப்படிக் குழம்பு வெச்சாங்கன்னு கேட்டு எழுதச் சொன்னாங்க. நீ அதுக்கும் பதில் எழுதினியே, புளி கொஞ்சம் தூக்கலா போட்டோம்னு!"

சொல்லி முடிக்கும்போதே தம்பிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அண்ணன்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. பாய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "படிச்சா உனக்கு ஊர்ல இருக்கிற மாதிரி இருக்குன்னு எழுதினியேடா, அதான்" என்று மட்டும் சொன்னார். தம்பி தன் தட்டிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி டேமுக்குப் போனார்கள். பாய் வீசிய முதல் வீச்சிலேயே நரம்பு தண்ணீருக்குப் போகாமல் பின்பக்கமாகப் பறந்து வேலிக்காத்தான் மரத்தில் மாட்டி, பந்து மாதிரி சிக்கிவிட்டது. அண்ணன் ஒரு முனையையும் தம்பி மறு முனையையும் பிடித்துக்கொண்டு சிக்கெடுக்க உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷத்துப் பேச்சையும் அன்றைக்கே பேசினார்கள். எனக்குப் பசி எடுத்து எழுந்தபோதும் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.