நான் கொட்டகை என்று சொன்ன வீடு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அமராவதிபுதூர் போகிற வழியில் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தச்சு வேலை. நாங்கள் குடியிருந்த இடத்துக்குப் பத்திரம் கிடையாது. அப்பாவைப் பெற்றவர் பெரிய வீட்டுக்கு வாசல் நிலை செதுக்கிக் கொடுத்தபோது, அந்த வீட்டு ஆச்சி, "இங்கனயே குடியிருந்துக்கங்க" என்று வாய் வார்த்தையாகக் கொடுத்த இடம் அது. ஆச்சி காலமான பிறகு பிள்ளைகள் வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சொத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் மட்டும் வாரம் ஒருதரம் வந்து, வேலிக்கு வெளியே நின்று இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போவார்.

அந்த வருசம் மாசி மாதம், எதிர்வீட்டில் பணியாரம் சுட்டு விற்கிற அக்கா வீட்டுக் கதவை வரிபாக்கிக்காகப் பஞ்சாயத்துக்காரர்கள் கழற்றினார்கள். கழற்றுவதற்கு அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. உளியை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டே போனார். நானும் பின்னால் போனேன். அந்த அக்கா அழவில்லை. "நீங்க செஞ்ச கதவுதானண்ணே. பாத்துக் கழத்துங்க, நிலை பிளந்துறப் போகுது" என்றது. கதவு வண்டியில் ஏறியது. பிறகு தெருவில் நின்று பார்த்தாலே அந்த வீட்டு அடுப்பு தெரிந்தது. வாசலில் ஒரு பழஞ்சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது அக்கா. காற்றடித்தால் அது மேலே தூக்கும். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

என் சித்தப்பா விளையாட்டுப் பேச்சுக்காரர். "அடுத்து நம்ம வீட்டுக்குத்தான்டா வருவாக. மொதல்ல கதவு, அப்புறம் அண்டா, அதுக்கும் பத்தலைன்னா உன் தங்கச்சி" என்றார். அவர் சிரித்தார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போது அப்பா செய்த காரியம்தான் எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் வீட்டுக்கு அதுவரை வரியே கிடையாது. வரி போடச் சொல்லி அவரே பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். "ரசீதுல நம்ம பேரு ஏறிருச்சுன்னா போதும். அப்புறம் ஒருத்தன் வந்து எந்திரின்னு சொல்ல முடியாது" என்று அம்மாவிடம் சொன்னார். பேர் ஏறுவது நல்லது என்று என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பேர் ஏறினால் அடிதான் விழும்.

ஒரு மத்தியானம் அவர்கள் வந்தார்கள். அப்பா ஆத்தங்குடிக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஊருணிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தது. நோட்டும் அளவு நாடாவுமாக வரி எழுதுகிறவர் முன்னால் வர, சிவப்புப் பெயின்டு டப்பாவோடு பியூன் பின்னால் வந்தார். தெருமுனையில் அவர்களைப் பார்த்ததுமே வீட்டுக்குள் புகுந்தேன். ஓடிப்போய் அடுப்பைப் பலகையால் மறைத்தேன். அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் மரச்சட்டங்களை அடுக்கினேன். தங்கச்சியை மூலையில் உட்காரவைத்து, இழைத்த மரச் சீவலை அள்ளி அவள்மேல் போட்டு மூடினேன். சத்தம் போட்டால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தேன்.

வரி எழுதுகிறவர் வாசலில் நின்றார். "தம்பி, இது ஆசாரி வீடுதான?"

"வீடு இல்லை சார். கொட்டகை."

"யாரு கொட்டகை?"

"பெரிய வீட்டுது. மரம் போட்டு வச்சிருக்கு."

"குடியிருக்கது யாரு?"

"யாரும் இல்லை. நான் காவலுக்கு இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளே தங்கச்சி தும்மினாள். பியூன் எட்டிப் பார்த்தார். "சார், கொட்டகை தும்முது" என்றார்.

"பூனை" என்றேன். அவர்கள் உள்ளே பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் பலகையும் சீவலுமாகத்தான் கிடந்தது.

"நம்மளை வெயில்ல அலைய விட்டுட்டான்யா. வீடுன்னு மனு எழுதியிருக்கான்" என்று சலித்துக்கொண்டே வரி எழுதுகிறவர் நோட்டில் கொட்டகை என்று எழுதினார். பெயின்டு டப்பாவைத் திறக்காமலே போய்விட்டார்கள்.

சாயங்காலம் அப்பா வந்ததும், "வந்தாகளா? நம்பர் போட்டாகளா?" என்று கேட்டார். நான் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாதப்பா" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். அதற்குள் காரியக்காரரும் அங்கே வந்திருந்தாராம். "கொட்டகைதான்னு ஒம் மகனே சொல்லியிருக்கானே ஆசாரி. இன்னும் என்ன மனு?" என்று கேட்டாராம். எழுதினது எழுதினதுதான், இனி அடுத்த கணக்கெடுப்பின்போது வா என்று அப்பாவை அனுப்பிவிட்டார்கள். இதை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. வெகுகாலம் கழித்துச் சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் பெரிய வீட்டுப் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். நாங்கள் நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போனோம்.

அங்கேயும் ஒருநாள் வரிக்காரர் வந்தார். அப்பா வாசலில் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "வீட்டுக்காரரு நீங்களா?" என்று வந்தவர் கேட்டார். "இல்லைங்க. அவுக அடுத்த தெருவுல இருக்காக" என்றார் அப்பா. வந்தவர் வாசலைத் தாண்டாமல், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இனிமேல் நம்மிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தங்கச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர் தெரு திரும்பும்வரை அவர் கையில் இருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் விட்டுப்போய் நிம்மதியாக மூச்சு விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதி முடித்தது, தை மாதம் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.