கூட ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காங்க

ஞாயிறு காலை ஹாம் ரேடியோவில் கூடிப் பேசும் உங்களில் ஒருவரிடமும் நான் இதுவரை பேசியதில்லை. பேசாதவள் எழுத மட்டும் வந்துவிட்டாளே என்று நினைக்காமல் மன்னியுங்கள். தன் முறை முடியும்போது ஸ்டெல்லா ஆன்ட்டி, "கூட ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்பாரே, அந்த ஒருத்தர் நான்தான். மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலையில் டீ இடைவேளையின்போது அவர் கணவர் போன் செய்தார். "சாப்பிட்டுட்டுப் படுத்தாம்மா. எழுந்திருக்கல." பிறகு, "ரேடியோக்காரங்களுக்கு நீதான் சொல்லணும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பேரிகைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. ஆனால் மீட்டிங்கில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க மட்டும்தான் வரும். குடிவந்த புதிதில் ஒரு ஞாயிறு, லேப்டாப் ஸ்பீக்கரில் பாட்டுக்கு நடுவே ஒரு பெண்குரல் புகுந்தது. "யாராவது கேக்கறீங்களா?" தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. பயந்துபோனேன். பிறகுதான் அது கீழ்வீட்டு ஆன்ட்டியின் குரல் என்று பிடிபட்டது. அவர் ரேடியோவின் அலைதான் என் ஸ்பீக்கருக்குள் புகுந்திருந்தது. வேலைக்குப் போன காலத்தில் அவரே ஈயம் வைத்துச் செய்த வால்வு செட் அந்த ரேடியோ. மகன் பிறந்தபோது பரணில் ஏறியது, அவனுக்குக் கல்யாணமானதும் இருபத்தாறு வருடம் கழித்து இறங்கியிருந்தது.

அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அன்றே கைபேசியில் தேடினேன். நீங்கள் எப்போதோ வேறு அலைவரிசைக்கும் வேறு நேரத்துக்கும் மாறியிருந்தீர்கள். அவர் பழைய இடத்திலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று ஞாயிறு கூப்பிட்டார். மூன்று ஞாயிறும் மேலே உட்கார்ந்து கேட்டேன். கடைசியில் உங்கள் புது அலைவரிசையையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி, கேட்டில் தொங்கும் பால் பைக்குள் போட்டேன்.

சீட்டோடு படியேறி வந்துவிட்டார்.

"இது உன் எழுத்தா?"

"ஸ்பீக்கர்ல தானா வந்துச்சு ஆன்ட்டி."

"மூணு வாரமா? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "கேட்டுச்சுன்னா, கேட்டுச்சுன்னு சொல்லிடணும் புள்ள. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த ஞாயிறு நீங்கள் பதில் சொன்னபோது நான் அவர் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். வால்வு சூடாகும்வரை செட்டின் அலைவரிசை ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்தது. "மேடம், உங்க செட்டு நகர்ந்து நகர்ந்து வேப்பனப்பள்ளிக்கே போயிடும் போல" என்று கிருஷ்ணகிரிக்காரர் கிண்டல் செய்தார். "நான் இருபத்தாறு வருஷம் ஒரே இடத்துல நின்னாச்சு. இதாவது நகரட்டும், நீங்க கூடவே வாங்க" என்றார் ஆன்ட்டி. உள்ளேயிருந்து அங்கிள், "அது பரண்ல தூங்குச்சு, நானும் நிம்மதியா தூங்கினேன்!" என்று கத்தியது உங்களுக்கும் கேட்டிருக்கும்.

அதன்பின் வீட்டில் எல்லாவற்றுக்கும் ரேடியோ பாஷைதான். என் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "தெளிவா கேக்குது. உப்புதான் கொஞ்சம் இரைச்சல்" என்பார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர் பிடிவாதத்தால் நானும் ரேடியோ உரிமத்துக்கான தேர்வு எழுதினேன். எனக்கென்று அழைப்புக்குறி வந்து எட்டு மாதமாகிறது. ஒவ்வொரு வாரமும் மைக்கை என் பக்கம் நகர்த்துவார். நான் தலையாட்டி மறுப்பேன். வற்புறுத்த மாட்டார். "கூட ஒருத்தர்" என்று சொல்லி எனக்கும் ஓர் இடம் போட்டுவைப்பார்.

செட் அதே மேசையில்தான் இருக்கிறது. "மறுபடி பரண்ல ஏத்த என் இடுப்பு தாங்காது, நீயே வெச்சுக்கோ" என்றார் அங்கிள். செட்டோடு, அன்று படியேறி வந்து ஆன்ட்டி சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு பெயர் வாசிக்கும்போது அவர் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பொத்தானை அழுத்த எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சூடாகும்வரை செட் நகரும், டயலைத் திருப்பிக்கொண்டே கூட வாருங்கள். என் குரல் கேட்டால், கேட்டது என்று சொல்லுங்கள்.